குண்டு சரியில்லை

என் வீட்டுக்காரர் குறி தவறும்போதெல்லாம் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "குண்டு சரியில்ல." உண்டிவில்லைக் குறை சொல்ல மாட்டார். அது கொய்யாக் கவட்டையைச் சீவி அவரே செய்தது. காற்றைக் குறை சொல்ல மாட்டார். கையைப் பற்றி மூச்சுவிட மாட்டார். எல்லாப் பழியும் குண்டின் தலையில்தான்.

குண்டு என்றதும் யாரும் பயந்துவிட வேண்டாம். ரங்கூனில் இப்போதெல்லாம் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்வதற்கு முன் நாங்களே அக்கம்பக்கம் பார்த்துக்கொள்கிறோம். எங்கள் வீட்டுக் குண்டு களிமண் உருண்டை. பர்மாக்காரர்கள் லௌசா என்பார்கள். இலந்தைப்பழ அளவில் உருட்டி, காயவைத்து, கரியடுப்பில் சுட்டு எடுப்பது. உண்டிவில்லில் வைத்து விட்டால் மாங்காய் விழும், காக்காய் பறக்கும். அறுபது வயதைத் தாண்டிய மனிதருக்கு இது எதற்கு என்று கேட்டால், அதற்குத்தான் இந்தக் கதை.

ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, கீழே டீக்கடையில் உட்கார்ந்திருந்தவரின் கையிலிருந்து கோப்பை நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். லேசானதுதான் என்றார்கள் டாக்டர்கள். லேசு என்ற வார்த்தையை அவர்கள் எவ்வளவு லேசாகச் சொல்லிவிடுகிறார்கள்! பேச்சு திரும்பியது. கால் திரும்பியது. வலது கை மட்டும் வர மனமில்லாமல் பின்தங்கிவிட்டது. விரல்கள் அசையும், ஆனால் ஒன்றைப் பிடித்தால் பிடித்தபடி நிற்காது, நடுங்கும்.

கையோடு சேர்ந்து இன்னொன்றும் போனது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கல்யாணமான நாள் முதல் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். சண்டை போட்ட நாளிலும் அப்படித்தான். முகத்தைப் பார்க்காமல், குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவோம். நோய் வந்த பிறகு அவர் இடது கையில் கரண்டியைப் பிடித்து, சமையலறைக்குள் போய், திரையை இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். சோற்றுக் கை என்று ஒன்று இருக்கும்போது மற்றக் கையால் சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாதாம். நானும் பார்க்கக் கூடாதாம். சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று கொஞ்சமாகத்தான் போட்டுக்கொள்வார். ஆள் பாதியாய் இளைத்துவிட்டார். திரைக்கு இந்தப் பக்கம் என் தட்டோடு உட்கார்ந்து, அந்தப் பக்கம் கரண்டி தட்டில் இடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். 

வாரத்துக்கு ஒருமுறை கைப்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு சயாமா, பர்மா நர்ஸம்மா, வருவாள். சின்னப் பெண், கன்னத்தில் தனக்காச் சாந்து பூசியிருப்பாள், பேச்சு பாகு மாதிரி இருக்கும். ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். அவள் படியிறங்கியதும் இவர் பந்தை அலமாரி மேலே போட்டுவிட்டார். "பச்சப்புள்ளயா நானு?" சப்பாத்தி மாவு பிசையுங்கள் என்றாள் அடுத்த வாரம். இவர் என்னைப் பார்த்த பார்வையில், மாவு என்ன, மாவுப் பாத்திரத்தின் பக்கம்கூட அவர் கை போகாது என்று தெரிந்துகொண்டேன். கடைசியில் அவள் சலிப்போடு, "களிமண்ணாவது உருட்டுங்களேன்" என்றாள் பர்மியத்தில்.

அதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஏதோ ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ராத்திரி படுத்த பிறகு சொன்னார்.

"த்வாண்டே மண்ணு கிடைச்சா லௌசா உருட்டலாம்."

"எதுக்கு?"

"உருட்டி அடிச்சுப் பாக்கலாம். கை எப்புடி இருக்குதுன்னு தெரிஞ்சிரும்ல."

"தெரிஞ்சா?"

சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தார். பிறகு, "ஒரு தகர டப்பாவக் கட்டி அடிச்சு, அதுல பட்டுச்சுன்னா, அம்மன் கோயில் பந்தியில உக்காந்து சாப்புடுறேன். படலேன்னா என்னைய விட்டுரு" என்றார்.

எங்கள் கோயிலில் தீமிதி முடிந்த மறுநாள் ஊரே உட்கார்ந்து சாப்பிடும். இத்தனை வருஷத்தில் அவர் இல்லாத பந்தி கிடையாது. விட்டுரு என்றால் எதை விடுவது? பந்தியையா, சமையலறைத் திரையையா? நான் கேட்கவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு ஒரு தகர டப்பாவின் தயவு வேண்டும் என்றால் அதற்கும் நான் தயார்.

மறுவாரமே படகேறி அக்கரையில் டல்லாவுக்குப் போய், அங்கிருந்து குயவர் ஊரான த்வாண்டே போனேன். பானை செய்கிறவர்களிடம் வெறும் மண் கேட்டால் சிரிக்கிறார்கள். அதனால் சுடாத பச்சைப் பானைகள் இரண்டை வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டு வந்தேன். திரும்பும்போது படகுத்துறையில் சோதனைக்கு நிற்பவர்கள் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். பானையைப் பார்த்துவிட்டு, "இன்னும் சுடலையே இது" என்று எனக்குப் புத்தி சொல்லி அனுப்பினார் அந்த ஆள். உருண்டையாக உருட்டிக் கொண்டுவந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. வீட்டுக்கு வந்து அந்த அழகான பானைகளை உடைத்துத் தண்ணீரில் ஊறப்போட்டேன். இவர் பக்கத்தில் நின்று, "பாத்து, பாத்து" என்றார், ஏதோ குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல.

அதன்பிறகு எங்கள் வீடு பட்டறையாகிவிட்டது. ஃபிட்டர் புத்தி எங்கே போகும்? உருட்டிய குண்டை நிழலில் காயவைப்பார். வெயிலில் வைத்தால் வெடிக்கும். காய்ந்ததும் எவர்சில்வர் தட்டைச் சாய்த்துப் பிடித்து, மேலிருந்து உருட்டிவிடச் சொல்வார். நேராக இறங்கினால் தேறியது. ஒரு பக்கமாக ஒதுங்கினால் மறுபடி தண்ணீருக்குப் போக வேண்டியதுதான். ஆரம்பத்தில் உருட்டியதெல்லாம் கொழுக்கட்டை, ஒன்றுகூட நேராக இறங்கவில்லை. நான் சிரித்தேன். "சிரி, சிரி" என்று அவரும் சிரித்தார். நோய் வந்தபின் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கரண்ட் இல்லாத பொழுதுகளில் வேறு வேலை ஓடாது. நான் ஜன்னலோரம் ஜாக்கெட்டுக்கு எம்மிங் செய்துகொண்டிருப்பேன். அவர் கீழே சப்பணமிட்டு உருட்டிக்கொண்டிருப்பார்.

குறி பார்ப்பது மொட்டை மாடியில். துணிக்கொடியில் ஒரு பால் டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டோம். தவறிய குண்டு தெருவில் யார் தலையிலாவது விழுந்துவிட்டால் என்ன செய்வது? அதனால் டப்பாவுக்குப் பின்னால் எங்கள் பழைய கருநீலப் போர்வையை மடிப்பில்லாமல் விரித்துக் கட்டினேன். அவர் உண்டிவில்லைக் கைலி மடிப்பில், ரிவால்வர் வைத்திருக்கும் அதிகாரி தோரணையில் செருகிக்கொண்டு படியேறி வருவார். இடது கையில் கவட்டை. வலது கை விரல்கள் தோல்வாரில் குண்டைப் பிடித்து இழுக்க வேண்டும். அந்தப் பிடியில்தான் எல்லாம் இருந்தது. இழுக்கும்போதே விரல் நடுங்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

டப் என்று போர்வையில் சத்தம் கேட்கும். டப்பா அசையாது.

"குண்டு சரியில்ல."

மண்ணில் மணல் அதிகம் என்றார். சலித்தோம். ஈரம் போகவில்லை என்றார். இன்னும் காயவைத்தோம். பெரிசு என்றார், சின்னதாக உருட்டினார். சின்னது என்றார், பெரிசாக உருட்டினார். சாயங்காலம்தோறும் மாடிக்குப் போவதும், டப் டப் என்று போர்வை வாங்கிக்கட்டிக்கொள்வதும், டப்பா துறவி மாதிரி தொங்குவதுமாக நாட்கள் போயின. தீமிதி நெருங்கிக்கொண்டிருந்தது.

கீழ்வீட்டில் ஒரு பர்மிய அம்மா இருக்கிறார். விரத நாள் தவறாதவர், கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவார். புறாவை அடிக்கிறோமோ என்ற பயத்தில் ஒருநாள் மாடிக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் நாங்கள் போய்ப் பார்த்தால், கொடியில் பால் டப்பா இல்லை. அதற்குப் பதிலாக, ஆள் மறையும் அளவுக்கு ஒரு பெரிய எண்ணெய்த் தகரம் தொங்குகிறது! எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். இவருக்கு வந்ததே கோபம். அதை அவிழ்த்துக் கீழே கொண்டுபோய் அந்த அம்மா வாசலில் வைத்துவிட்டு, "ரொம்ப நன்றி, அளவு பத்தலைன்னு சொல்லிரு" என்றார் என்னிடம். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

தீமிதிக்கு முந்தைய வாரம் ஒரு யோசனையோடு எழுந்தார்.

"ஒரே குண்ட ரெண்டு பேரு அடிச்சுப் பாக்கணும். அப்பத்தான் கோளாறு குண்டுலயா வேற எங்கயுமான்னு தெரியும். நீ அடி."

"நானா? எனக்கு ஊசியில நூல் கோக்கத்தான் தெரியும்."

"அது போதும்."

யார் அடித்தது எங்கே பட்டது என்று அடையாளம் வேண்டுமே என்று, அவருடைய குண்டுகளை வெற்றிலைச் சுண்ணாம்பில் தோய்த்தோம். என்னுடையதற்கு வேறு நிறம் தேடி, கைக்குக் கிடைத்த மஞ்சள் தூளைக் கரைத்தேன். ஈரம் காய்வதற்குள் அடித்துவிட வேண்டும். போர்வையை உதறிப் புதிதாகக் கட்டினோம். முதலில் அவர். ஒன்றன்பின் ஒன்றாக விட்டார். டப்பா வழக்கம்போல் அசையவில்லை. கவட்டையை என்னிடம் நீட்டினார்.

என் முதல் குண்டு காலடியிலேயே விழுந்தது. அடுத்தது எங்கோ பறந்தது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்து விட்டேனா, தெரியவில்லை. திடீரென்று டங் என்று ஒரு சத்தம். டப்பா கிறுகிறுவென்று சுழல்கிறது. அதன் வயிற்றில் மஞ்சள் பொட்டு.

என் உயிரே போய்விட்டது. அவர் மாதக்கணக்கில் காத்திருந்த சத்தம் அது. அதை நான் தின்றுவிட்டேன். பதறிப்போய் மீதிக் குண்டுகளை அங்கும் இங்கும் விட்டேன். வேண்டுமென்று தவறவிட்டேனா என்று கேட்டால், அப்படி விடும் அளவுக்கு எனக்குக் குறி பார்க்கத் தெரியாது. தானாகவே எல்லாம் சிதறிப் போயின.

அவர் டப்பாவைப் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார். மஞ்சள் பொட்டைத் தடவிப் பார்த்தார்.

"குண்டு சரியாத்தான் இருக்குது" என்றார்.

அவ்வளவுதான். உண்டிவில்லைக்கூட வாங்கிக்கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டார். 'விட்டுரு' என்றதன் அர்த்தம் இப்போது எனக்குப் புரிந்தது. எல்லாவற்றையும்தான்.

மாடியில் தனியாக நின்று நன்றாக அழுதேன். அழுதுகொண்டே இருக்க முடியுமா? கரண்ட் வந்திருந்தது. கரண்ட் போவதற்குள் மோட்டார் போட்டுத் தண்ணீர் பிடிக்க வேண்டும், துவைக்க வேண்டும். அந்தப் பாழாய்ப்போன போர்வையை அவிழ்த்து வாளிக்குள் திணிக்கப் போனேன். மஞ்சள் கறையாயிற்றே, முதலில் தேய்க்க வேண்டிய இடம் எது என்று பார்க்கத் தரையில் விரித்தேன்.

தையல்காரி நான். துணியில் சாக்பீஸ் கோடு பார்த்தே வயிறு வளர்த்தவள். விரித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

என் மஞ்சள் பொட்டுகள் போர்வை முழுக்க இறைந்து கிடந்தன. மூலையில் ஒன்று, விளிம்பில் ஒன்று, நடுவில் ஒன்று, கோழி கிளறின மாதிரி. அவருடைய வெள்ளைப் பொட்டுகள் அப்படி இல்லை. டப்பா தொங்கிய இடத்துக்கு இடது பக்கம், கொஞ்சம் கீழே, எல்லாம் ஒரே இடத்தில் கூட்டமாக இருந்தன. ஒன்றன் மேல் ஒன்று விழுந்து, எத்தனை என்று எண்ண முடியாமல். நடுங்குகிற கை இப்படியா அடிக்கும்? தடுமாறுகிற கை என்னுடையதல்லவா!

அந்த வெள்ளைக் கூட்டத்துக்குள் வழி தவறிய என் மஞ்சள் ஒன்றும் போய் விழுந்திருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆரத்தி கரைத்த யாருக்கும் தெரியும். அந்த இடம் மட்டும் ரத்தச் சிவப்பாக இருந்தது.

போர்வையை வாரிச் சுருட்டிக்கொண்டு படிகளில் ஓடினேன். என் வயதுக்கு அது ஓட்டம்தான். அவர் நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காலடியில் போர்வையை விரித்தேன்.

"இங்க பாருங்க."

"என்னத்தப் பாக்க? நீதான் அடிச்சிட்டியே."

"மஞ்சளப் பாருங்க, எப்புடிச் சீரழிஞ்சு கெடக்குது. இப்ப வெள்ளையப் பாருங்க."

பார்த்தார். முதலில் எரிச்சலோடு. பிறகு கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். நாற்காலியிலிருந்து மெல்ல இறங்கி, போர்வைமேல் மண்டியிட்டார். வலது கையை விரித்து அந்த வெள்ளைக் கூட்டத்தின்மேல் வைத்தார். கை நடுங்கியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உள்ளங்கைக்கு வெளியே ஒரு வெள்ளைப் பொட்டும் தெரியவில்லை.

"எல்லாம் ஒரே எடத்துல போகுது" என்றார், பட்டறையில் ஒரு மிஷினைப் பற்றிச் சொல்கிற குரலில். "அப்ப கை ஒரே மாதிரித்தான் விடுது. இழுப்பு இடது பக்கம் சாயுது, அம்புட்டுத்தான். பிடி நிக்குது."

"நிக்குதா?"

"நிக்குது பாரு."

"அப்ப பந்தி?"

"டப்பாவுல படலையே" என்று முனகினார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"டப்பா டப்பாங்குறீங்களே, டப்பாவா வந்து உங்களுக்குச் சோறு போடுது? நான் ஒருத்தி திரைக்கு இந்தப் பக்கம் தனியா உக்காந்து திங்கிறேனே, அது உங்க கண்ணுக்குப் படலையா?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம் அவர் கரண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்கு அன்றுவரை தெரியாது. நான் பிறகு சாப்பிடுகிறேன் என்றுதான் நினைத்திருந்தாராம். போர்வையை மடிக்க ஆரம்பித்தார், இரண்டு கையாலும்.

தீமிதி நன்றாக நடந்தது. மறுநாள் பந்தி. கோயிலில் பெண்கள் பரிமாறும் முறை, நான் சோற்று வாளியோடு நின்றேன். அவர் வருவாரா என்று வாசலைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. முதல் பந்தி எழுந்தது, அவரைக் காணோம். இரண்டாம் பந்திக்கு இலை போட்டார்கள். வரிசையில் சோறு போட்டுக்கொண்டே போனவள், கடைசிக்கு முந்தின இலையில் நின்றேன். துவைத்த வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. கரண்டி கொண்டு வரவில்லை.

கொஞ்சமாகத்தான் வைத்தேன், அவர் வழக்கம் தெரியுமே. பின்னால் குழம்பு வந்தது. நான் நகர வேண்டும், கால் நகரவில்லை. அவர் வலது கையால் சோற்றைப் பிசைந்தார். மெதுவாக, விரல்களைக் கூட்டி, ஒரு வாய் எடுத்தார். எடுத்து உடனே வாயில் போடவில்லை. பழக்கம். கட்டைவிரலாலும் மற்ற விரல்களாலும் உருட்ட ஆரம்பித்தார். உருட்டி, உருட்டி, இலந்தைப்பழ அளவில், ஒரு பருக்கை பிதுங்காத உருண்டையாக்கி, இலையோரத்தில் வைத்தார். அடுத்தது. அதற்கடுத்தது. வரிசையாக. பக்கத்து இலைக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

பிறகு முதல் உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஒரு பருக்கை சிந்தவில்லை. அடுத்ததில் ஒன்றிரண்டு சிந்தியது. துடைத்துக்கொண்டார். இலை காலியாகும்வரை நான் வாளியோடு அங்கேயே நின்றேன். வரிசையின் முனையிலிருந்து யாரோ, "அக்கா, இங்க சோறு" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். என் கண் நிறைந்திருந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல், காலியான இலையைத் தட்டிக் காட்டினார்.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிற? இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றார்.